உள்ளிருந்து ஒரு கோப்பு, ஊரிலிருந்து ஒரு கோப்பு

மூன்று ஆண்டு இடைவெளியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கோப்புகள் உருவாயின. முதலாவது என் தோழியுடையது. நியூஜெர்சிக்குப் படிக்க வந்தவள், படிப்பு முடிந்து இங்கேயே வேலைக்குச் சேர்ந்து, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர் ஒருவரை மணந்துகொண்டாள். இரண்டாவது என் தம்பி மனைவியுடையது. தம்பியும் குடியுரிமை வாங்கியவன்தான். வீட்டில் பார்த்த பெண். ஆறு மாதம் போனில் பேசினார்கள். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போனான், கல்யாணத்துக்கு ஒரு முறை போனான். தாலி கட்டிய பதினைந்தாம் நாள் அவளைத் தஞ்சாவூர்ப் பக்கம் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக விமானம் ஏறினான்.

தோழி நாட்டுக்குள் இருந்தபடியே கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தாள். தம்பி மனைவி மும்பையில் விசா வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். இரண்டு கோப்புக்கும் தாள் பிரித்து, நகலெடுத்து, அடுக்கியவள் நான். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இரண்டையும் என் கையால் அடுக்கியதால், இந்த இரண்டு வழிகளும் எங்கே ஒன்றாக ஓடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதைக் கிட்டத்தில் பார்த்தேன். இன்று இதே வேலையில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்கு அது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டுக்கும் சட்டம் ஒன்றே, 1952-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம். அதற்கு முன்பு நாட்டுக்குள் இருப்பவரும் வெளியே போய் விசா வாங்கித்தான் திரும்ப வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தின் 245-ஆம் பிரிவுதான் உள்ளே இருந்தபடியே நிரந்தரவாசியாக மாறும் வழியைத் திறந்தது. கேட்கப்படும் கேள்வியும் ஒன்றே. 1975-இல் ‘பார்க்’ வழக்கில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தெளிவாக வரையறுத்தது: மணந்துகொண்ட நேரத்தில், சேர்ந்து வாழவேண்டும் என்ற எண்ணம் இருவருக்கும் இருந்ததா? அதற்குப் பின் நடந்தவை எல்லாம் அந்த எண்ணத்துக்குச் சாட்சி சொல்லும் அளவுக்குத்தான் முக்கியம்.

மனதில் இருந்ததைத் தாளில் காட்ட வேண்டும் என்பதால்தான் இந்த வேலை கடினமாகிறது. ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்கு அந்தத் தாள்கள் மாதாமாதம் தபாலில் தாமாகவே வருகின்றன. கடல் கடந்து பிரிந்திருப்பவர்கள் ஒவ்வொன்றையும் தாங்களே உண்டாக்கி, தேதி போட்டு, பத்திரப்படுத்த வேண்டும். இரண்டு கோப்புகளிலும் நான் கண்ட அடிப்படை வேறுபாடு இதுதான். படிவம், கட்டணம், வரிசை எல்லாம் இதற்கு அடுத்தவை.

அவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மனு போடுபவர் குடிமகனாக இருந்தால், உள்வழியில் ஐ-130 மனுவும் ஐ-485 விண்ணப்பமும் ஒரே உறையில் போகலாம். வேலை அனுமதிக்கு ஐ-765, பயண அனுமதிக்கு ஐ-131 இரண்டையும் அதோடு சேர்த்துவிடலாம். தூதரக வழியில் ஐ-130 தனியாகப் போய், ஒப்புதலான பிறகு, கோப்பு நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தில் போர்ட்ஸ்மவுத் நகரில் உள்ள தேசிய விசா மையத்துக்கு மாறும். அங்கே டி.எஸ்-260 படிவத்தை இணையத்தில் நிரப்பி, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். எல்லாம் சரி என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மும்பை இன்டர்வியூ தேதிக்கான வரிசையில் நிற்க முடியும். ஊரில் காத்திருக்கும் பெண்கள் ஒருவரையொருவர் “டி.க்யூ. ஆயிடுச்சா?” என்று கேட்டுக்கொள்வது இந்தக் கட்டத்தைத்தான். 2024 ஏப்ரல் 1 முதல் ஐ-130க்குத் தாளில் அனுப்பினால் 675 டாலர், இணையத்தில் 625. உள்வழிக்கு அதோடு ஐ-485க்கு 1,440. தூதரக வழிக்கு விசாக் கட்டணம் 325, ஆதரவுப் பத்திரத்துக்கு 120, கார்டு தயாரிக்க 235. கூட்டிப் பார்த்தால் தூதரக வழி மலிவு. மும்பைக்குப் போய்த் தங்குவது, கணவன் நடுவில் ஊருக்குப் போய்வருவது எல்லாம் சேர்ந்தால் அந்த மிச்சம் நிற்காது. கட்டணங்கள் மாறக்கூடியவை. அனுப்புகிற நாளில் அரசின் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐ-864 என்னும் ஆதரவுப் பத்திரம் இரண்டு கோப்பிலும் உண்டு. மனு போடுபவரின் வருமானம், கூட்டாட்சி அரசு நிர்ணயிக்கும் வறுமைக் கோட்டின் 125 விழுக்காட்டைத் தொட வேண்டும். 2025 அளவுகோலில் இரண்டு பேர் கொண்ட வீட்டுக்கு அது 26,437 டாலர். இங்கே ஒரு வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. தோழி இங்கே சட்டப்படி வேலை பார்த்தாள், கார்டு வந்த பிறகும் அதே சம்பளம் தொடரும். அதனால் அவள் வருமானத்தையும் கணக்கில் காட்ட முடிந்தது. தம்பி மனைவி சென்னையில் நல்ல வேலையில் இருந்தவள். விமானம் ஏறினால் அந்தச் சம்பளம் நின்றுவிடும் என்பதால் ஒரு ரூபாய்கூடக் கணக்கில் வரவில்லை. வருமானம் போதாதவர்கள் கூட்டுப் பொறுப்பாளர் ஒருவரைச் சேர்க்கலாம். அல்லது சொத்தைக் காட்டலாம். குடிமகனின் துணைக்கு, பற்றாக்குறையைப் போல் மூன்று மடங்கு மதிப்புள்ள சொத்து வேண்டும். கையெழுத்திடும் முன் அந்தப் பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள் என்று தம்பியிடமும் தோழியின் கணவரிடமும் சொன்னேன். விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு தீராது. கார்டு பெற்றவர் குடிமகனாக வேண்டும், அல்லது பத்தாண்டு உழைப்புக்கு ஈடான 40 காலாண்டுகள் அவர் கணக்கில் சேர வேண்டும், அல்லது நாட்டை விட்டே போக வேண்டும், அல்லது இருவரில் ஒருவர் இறக்க வேண்டும். நண்பர் கேட்டார் என்பதற்காகக் கூட்டுப் பொறுப்பாளர் கையெழுத்துப் போடுபவர்களுக்கும் இதே பொறுப்புத்தான்.

இனி, இரண்டு கோப்பும் பிரியும் இடம். மண உறவு உண்மையானது என்பதற்கு என்னென்ன காட்டலாம் என்று குடிவரவு விதிகளிலேயே ஒரு பட்டியல் உண்டு. கூட்டாக வாங்கிய சொத்து, இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், ஒன்றாகக் கலந்த வரவுசெலவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தெரிந்தவர்கள் தரும் பிரமாணப் பத்திரம் என்று அது போகும். படித்துப் பாருங்கள், அது ஒரே வீட்டில் வாழும் தம்பதியை மனதில் வைத்து எழுதப்பட்ட பட்டியல். தோழியின் கோப்பு அதற்கு அச்சடித்தாற்போல் பொருந்தியது. அப்பார்ட்மென்ட் ஒப்பந்தத்தில் இரண்டு பெயர், கூட்டு வங்கிக் கணக்கின் பதினான்கு மாத அறிக்கை, ஒரே பாலிசியில் இரண்டு கார், அவன் அலுவலக மருத்துவக் காப்பீட்டில் அவள் பெயர், கணவன் மனைவியாகச் சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, ஓய்வூதியக் கணக்கில் வாரிசாக அவள். எதையும் அவர்கள் விண்ணப்பத்துக்காகச் செய்யவில்லை. மின்கட்டணம் மட்டும் அவன் பெயரில் இருந்தது, ஒரு போன் செய்து அவள் பெயரையும் சேர்த்தோம். வங்கி அறிக்கையில் நான் அவர்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: கணக்கு இருப்பது போதாது, சம்பளம் உள்ளே வந்து, மளிகையும் வாடகையும் வெளியே போவது அதில் தெரிய வேண்டும். இரண்டு பெயரில் திறந்து நூறு டாலர் போட்டு வைத்த கணக்கைக் காட்டுவது காட்டாமல் இருப்பதைவிட மோசம்.

தம்பியின் கோப்பைத் திறந்தபோது கூட்டு வீடும் இல்லை, கூட்டுக் கணக்கும் இல்லை. இருந்தது கல்யாணம். அதுவும் குறைவில்லாத கல்யாணம். பத்திரிகை, மண்டப ரசீது, சமையல்காரர் பில், நாதஸ்வரக்காரருக்குக் கொடுத்த முன்பணச் சீட்டு, ஆயிரத்துக்கு மேல் புகைப்படம். ஒருநாள் வீடியோவில் அவள் ஒரு நீளமான கணக்கு நோட்டைத் தூக்கிக் காட்டினாள். மஞ்சள் தடவிய ஓரம், பிள்ளையார் சுழி, கீழே வரிசையாக ஊர், பெயர், தொகை.

“மொய் நோட்டு, அண்ணி. இதையும் அனுப்பலாமா? முந்நூறு பேர் எழுதியிருக்காங்க.”

அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. ஒரு ஊரே இந்தத் தம்பதிக்குச் சாட்சியாக நிற்கும் ஆவணம் அது. ஆனாலும் வேண்டாம் என்றேன். கல்யாணம் நடந்ததா என்பதில் அதிகாரிக்குச் சந்தேகம் வராது, ஆல்பத்தின் முதல் பக்கத்திலேயே அது தீர்ந்துவிடும். குடித்தனம் நடத்தும் எண்ணம் இருக்கிறதா என்பதுதான் அவர் கேள்வி. நம் குடும்பங்கள் தயாரிக்கும் கோப்புகளில் நான் காணும் பெரிய குறை இதுதான். கல்யாணத்துக்கு நாற்பது தாள், குடித்தனத்துக்கு நான்கு தாள்.

ஆகவே அந்த நான்கை நாற்பதாக்க உட்கார்ந்தோம். தம்பி தன் ஆயுள் காப்பீட்டிலும் ஓய்வூதியக் கணக்கிலும் மனைவியை வாரிசாக்கினான். மாதாமாதம் அனுப்பும் பணத்தின் வங்கி ரசீதைச் சேர்த்து வைத்தான். போன் அழைப்புப் பட்டியலையும் வாட்ஸ்அப் உரையாடலையும் மாதத்துக்கு இரண்டு பக்கம் மட்டும் எடுத்தோம். உரையாடலில் அன்பு மொழிகளைத் தேடவில்லை. அவள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன நாளில் இவன் விசாரித்தது, வாடகைக்கு வீடு பார்க்கும்போது எத்தனை அறை வேண்டும் என்று இருவரும் விவாதித்தது, குக்கரை அங்கிருந்து கொண்டுவரலாமா என்று அவள் கேட்டது போன்றவற்றைத் தேர்ந்தோம். காத்திருந்த காலத்தில் அவன் ஒரு முறை ஊருக்குப் போனான். விமானச் சீட்டு, பாஸ்போர்ட் முத்திரை, இருவரும் சேர்ந்து தங்கிய கொடைக்கானல் அறை ரசீது எல்லாம் கோப்புக்கு வந்தன. ஆயிரம் படத்தில் முப்பதைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் கீழும் யார், எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுதினோம். ஸ்டுடியோக்காரர் நிறுத்தி எடுத்த ஜோடிப் படங்களை ஒதுக்கிவிட்டு, பந்தியில் இரண்டு சம்பந்திகளும் ஒன்றாகப் பரிமாறும் படத்தை முன்னால் வைத்தோம்.

இந்த உறவுச் சான்றுகள் பெரும்பாலும் ஐ-130 அனுப்பும்போது ஒரு முறைதான் போகின்றன. அதற்கும் மும்பை இன்டர்வியூவுக்கும் நடுவே ஓடும் காலத்துக்கான சான்றைக் கையில் கொண்டுபோக வேண்டும். மனு போட்டதோடு சேகரிப்பை நிறுத்திவிடுபவர்கள் பலர். பிரிந்திருக்கும் அந்த மாதங்கள்தான் உறவு நின்றதா தளர்ந்ததா என்று காட்டும் மாதங்கள்.

பெரிய கல்யாணம் நடக்காத தம்பதிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் அமர்ந்து கோப்பு பார்க்கும் அதிகாரிகளுக்கு நம் திருமணங்கள் எப்படி நடக்கும் என்று தெரியும். அதனாலேயே, பெற்றோர் இல்லாமல் நான்கு நண்பர்களுடன் நடந்த திருமணம் அவர்கள் கண்ணை உறுத்தலாம். சாதி மாறி மணந்தவர்கள், வீட்டை எதிர்த்து மணந்தவர்கள் இதற்காகக் கூச வேண்டியதில்லை. நடந்ததை ஒரு பக்கத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதி, கூட நின்ற நண்பர்களின் பிரமாணப் பத்திரத்தை இணைக்கலாம். சுயமரியாதைத் திருமணம் செய்தவர்கள், இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-இல் சேர்த்த 7ஏ பிரிவின் நகலையும் வைக்கலாம். புரோகிதரும் அக்கினியும் இல்லாத திருமணம் தமிழ்நாட்டில் சட்டப்படி முழுத் திருமணம் என்பதை அந்தப் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு அது சொல்லிவிடும்.

அரசுச் சான்றிதழ்களுக்கு வருகிறேன். திருமணச் சான்றிதழ் இரண்டு கோப்புக்கும் முதுகெலும்பு. தோழி கோயிலில் மாலை மாற்றும் முன்பே நகராட்சிப் பதிவாளரிடம் திருமண உரிமம் வாங்கியிருந்தாள். நியூஜெர்சியில் விண்ணப்பித்து 72 மணி நேரம் கழித்துத்தான் உரிமம் கொடுப்பார்கள். பிறகு பதிவாளர் முத்திரையிட்டுத் தந்த நகலைத்தான் இணைத்தோம், கோயிலில் தந்த அழகான சான்றிதழை அல்ல. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு 90 நாள் என்பது வெறும் எண். இருக்கும் விடுப்புக்குள், இருவரும் சேர்ந்து சார்பதிவாளர் முன் நின்று கையெழுத்திட்டாக வேண்டும். தம்பி கல்யாணத்தின் ஐந்தாம் நாளே, மறுவீட்டு விருந்துக்குப் போகும் வழியில் அதை முடித்தான். அவன் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் அது.

பிறப்புச் சான்றிதழில்தான் எங்களுக்கு மூச்சு முட்டியது. அவளுடைய சான்றிதழில் தேதி, பாலினம், அப்பா பெயர், அம்மா பெயர், மருத்துவமனை எல்லாம் இருந்தன. ‘குழந்தையின் பெயர்’ என்ற கட்டத்தில் ஒரு கோடு. தமிழ்நாட்டில் இது சாதாரணம். பிறந்தவுடன் பதிந்துவிடுவார்கள், பெயர் சூட்டுவது பிறகு, யாரும் திரும்பிப் போய்ச் சேர்ப்பதில்லை. பெயர் சேர்க்க 15 ஆண்டு வரைதான் விதி. பழைய பதிவுகளுக்கு அரசு கால நீட்டிப்பு கொடுத்திருந்த சமயம் என்பதால் தப்பித்தோம். அவள் அப்பா பள்ளி மாற்றுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்கு ஆறு முறை நடந்தார். மூன்றாம் முறை, பழைய பதிவேட்டின் பக்கம் ஒட்டிக்கொண்டு கிழிந்திருக்கிறது என்றார்கள். ஐந்தாம் முறை புதிய சான்றிதழில் அம்மா பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டது. ஆறாம் முறை சரியாக வந்தது. இன்று கல்யாணம் பேசும் வீடுகளுக்கு நான் சொல்வது: ஜாதகத்தோடு பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் நிறைவேறி 1970-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பதிவே இல்லாமல் போகலாம். அப்போது ‘பதிவு கிடைக்கவில்லை’ என்ற சான்றும், பிறப்பை அறிந்த உறவினர்களின் பிரமாணப் பத்திரமும், பள்ளிச் சான்றும் சேர்ந்து அந்த இடத்தை நிரப்பும். இந்தக் கட்டத்தில் இரண்டு வழிக்கும் வேறுபாடு கிடையாது. உள்வழியிலும் கோடு போட்ட சான்றிதழை ஏற்காமல் கூடுதல் ஆவணம் கேட்பார்கள்.

அடுத்த தொல்லை நம் பெயர்முறை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துத்தான் உண்டு. அவள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அப்படி இருந்தால் விசாவில் அவள் பெயர் முழுவதும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய், சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று மூன்று எழுத்து உட்காரும். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். பெற்றவர்கள் வைத்த பெயரோடு வாழ்ந்த பெண்ணுக்குப் புது நாட்டில் முதல் அடையாளம் அதுவாக இருக்கக் கூடாது என்று நாங்கள் நினைத்தோம். டி.எஸ்-260 நிரப்பும் முன்பே, தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் பிரித்து பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தோம். தோழி பல ஆண்டு அந்த மூன்று எழுத்தோடு ஓட்டுநர் உரிமம் முதல் சம்பளச் சீட்டு வரை அல்லாடியவள். அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. கணவன் பெயரைச் சேர்ப்பதா, தந்தை பெயரையே வைப்பதா என்பது அவரவர் விருப்பம். எதுவானாலும் விண்ணப்பம் தொடங்கும் முன் முடிவெடுத்து எல்லாத் தாளிலும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் சான்றிதழ் தூதரக வழிக்கு மட்டும் உரியது. பதினாறு வயது முடிந்தவர் தன் நாட்டிலிருந்தும், ஓராண்டுக்கு மேல் வாழ்ந்த மற்ற நாடுகளிலிருந்தும் வாங்க வேண்டும். இந்தியாவில் பாஸ்போர்ட் சேவை மையம் வழியாக வாங்குவது எளிது. கொழும்புத் தூதரகத்துக்குப் போகும் ஈழத்தமிழர் கோப்புகளில் இது சிக்கலாகலாம். போர்க்காலத்தில் தமிழ்நாட்டில் பல ஆண்டு அகதியாக இருந்து திரும்பியவருக்கு இலங்கைச் சான்று மட்டும் போதாது, இந்தியச் சான்றும் கேட்கப்படும். தோழிக்கு இது எதுவும் இல்லை. கைரேகை கொடுத்தாள், அதோடு முடிந்தது. அவள் காட்ட வேண்டியிருந்தது, நாட்டுக்குள் முறையாக நுழைந்ததற்கான விசாவும் ஐ-94 பதிவும். குடிமகனை மணந்தவருக்கு, முறையாக நுழைந்திருந்தால், விசாக் காலம் கடந்துபோயிருந்தாலும் உள்வழி பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. அப்படிக் காலம் கடந்தவர் அவசரப்பட்டு ஊருக்குப் போய்த் தூதரக வழியில் வரலாம் என்று நினைத்தால், 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று அல்லது பத்து ஆண்டு தடை விழக்கூடும். இந்த நிலையில் இருப்பவர்கள் ஒரு நல்ல வழக்கறிஞரைப் பார்க்காமல் விமானச் சீட்டு வாங்க வேண்டாம்.

மருத்துவப் பரிசோதனையும் இரண்டிலும் உண்டு. இங்கே அரசு அங்கீகரித்த மருத்துவர் உறையில் ஒட்டிக் கொடுப்பார், பிரிக்கக் கூடாது. தோழி காலத்தில் அதைப் பிறகு கொடுத்தாலும் போதும் என்றிருந்தது, 2024 டிசம்பர் 2 முதல் விண்ணப்பத்தோடே வைக்க வேண்டும். தம்பி மனைவி சென்னையிலேயே தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் போனாள். காசநோய்க்கு இங்கே இரத்தப் பரிசோதனை, அங்கே பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே. தடுப்பூசி அட்டை பத்திரமாக இருந்தால் இரண்டு இடத்திலும் ஊசியும் பணமும் மிச்சம்.

இன்டர்வியூவில் இரண்டு வழியும் மறுபடி தூரமாகப் பிரிகின்றன. தோழியும் கணவரும் சேர்ந்து போனார்கள். ஒரு சிறிய அறை, மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, வலக்கையை உயர்த்தி உறுதிமொழி. முதலில் எங்கே சந்தித்தீர்கள், நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள், வாடகையை யார் கட்டுகிறார்கள். சந்தேகம் வந்தால் இருவரையும் தனித்தனி அறையில் வைத்து ஒரே கேள்விகளைக் கேட்டு ஒப்பிடுவார்கள். 1976-இல் நியூயார்க்கில் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டை ஒட்டி அதற்கு ஸ்டோக்ஸ் இன்டர்வியூ என்று பெயர். இவர்களுக்கு அது நேரவில்லை. கணவர் ஒரு தேதியைத் தவறாகச் சொல்ல, இவள் திருத்த, அதிகாரி சிரித்துவிட்டாராம்.

தம்பி மனைவி மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்தில் தனியாக நின்றாள். கண்ணாடிச் சன்னல், ஒலிவாங்கி, பின்னால் வரிசை. திருத்திச் சொல்லப் பக்கத்தில் கணவன் கிடையாது. அவனுடைய வேலை, சம்பளம், முகவரி, அங்கே கூட இருப்பவர்கள், அவன் எந்த ஆண்டு குடியுரிமை வாங்கினான் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மனப்பாடமாக அல்ல, பேசிப் பேசித் தெரிந்ததாக. ஆறு மாதம் போனில் பழகி மணந்தவர்களுக்கு இது நியாயமான சோதனைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கணவனின் அமெரிக்க வாழ்க்கையைப் பற்றிக் கேட்க உரிமை இல்லாதவளாகப் பெண்ணை நிறுத்தும் வீடுகளில் அவள் இந்தச் சன்னலில் திணறுவாள். கோப்பில் உள்ள ஒவ்வொரு தாளையும், அவன் வரிக்கணக்கு உட்பட, அவள் படித்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். “அண்ணி, அவர் சம்பளமே எனக்கு இந்த ஃபைல்லதான் தெரிஞ்சுது” என்றாள். கல்யாணத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது அது.

மறுப்பு வந்தால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே மறுத்தால் காரணம் எழுத்தில் வரும், மறுபரிசீலனை கேட்கலாம், குடிவரவு நீதிபதி வரை வழியுண்டு. தூதரக அதிகாரியின் விசா முடிவை நீதிமன்றங்கள் பொதுவாக ஆராய்வதில்லை. 2024 ஜூனில் முன்யோஸ் வழக்கில், வெளிநாட்டுத் துணையை நாட்டுக்குள் அனுமதிக்கக் கோரும் அடிப்படை உரிமை குடிமகனுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிந்திருப்பதால் சான்று குறைவாக உள்ளவர்களுக்கே முறையீட்டு வாய்ப்பும் குறைவு. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் இன்றைய நிலை இதுதான் என்பதால், தூதரகக் கோப்பு முதல் முறையே முழுமையாக இருக்க வேண்டும்.

உள்வழி சுகமானது என்றும் நினைத்துவிடாதீர்கள். தோழி அப்போது மாணவர் விசாவை ஒட்டிய வேலை அனுமதியில் இருந்தாள். ஐ-485 நிலுவையில் இருக்கும்போது, பயண அனுமதி வராமல் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகிவிடும். எச்-1பி போன்ற சில விசாக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. அந்த மாதங்களில் அவளை வளர்த்த பாட்டி மதுரையில் இறந்தார். போனில் ஒப்பாரி கேட்டாள். கணவன் பக்கத்தில் இருந்தான், ஊருக்குப் போக முடியவில்லை. தம்பி மனைவிக்கு ஊரும் பெற்றோரும் பக்கத்தில், கணவன் இல்லை. இரண்டில் எது கடினம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மாப்பிள்ளை தேடும் பெற்றோருக்கு இன்னொன்று. இதுவரை சொன்னது குடிமகனை மணப்பவர்களுக்கு. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரை மணந்தால் ஆண்டு வரம்பு கொண்ட எஃப்2ஏ பிரிவில் காத்திருக்க வேண்டும். எச்-1பி வைத்திருப்பவரின் மனைவி எச்-4 விசாவில் அதைவிட முன்பே வந்துவிடலாம். “கிரீன் கார்டு மாப்பிள்ளை” என்று கேட்டவுடன் சரி சொல்லும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வழியும் கடைசியில் ஒரே இடத்தில் சேர்கின்றன. 1986-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி, கார்டு ஒப்புதலாகும் நாளில், அல்லது விசாவோடு நாட்டுக்குள் நுழையும் நாளில், திருமணமாகி இரண்டு ஆண்டு முடியாவிட்டால் கிடைப்பது இரண்டாண்டு நிபந்தனைக் கார்டு. தோழிக்கும் அதுதான் வந்தது, தம்பி மனைவிக்கும் அதுதான் வந்தது. நிபந்தனையை நீக்க ஐ-751 மனு போட வேண்டும், மறுபடியும் சான்று. தம்பி மனைவி இப்போது அதற்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். வாடகை ஒப்பந்தம், கூட்டுக் கணக்கு, மின்கட்டணம், கார் காப்பீடு. முன்பு தோழிக்காக அடுக்கிய அதே தாள்கள், அதே மேசை. பெட்டியில் மொய் நோட்டும் வந்திருக்கிறது. அது கோப்புக்கு இல்லை, அவர்கள் வீட்டு அலமாரிக்கு.

ஐ-751 மனுவைக் கார்டு காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள் அனுப்ப வேண்டும். முன்னதாக அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடலாம். தவறவிட்டால் நிரந்தரவாசி நிலையே போகும். நினைவூட்டல் கடிதம் வரும் என்று காத்திருக்காமல், கார்டு கையில் கிடைத்த அன்றே அந்த 90 நாள் தொடங்கும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.